வீராசாமிக்குக் காரியம்

வீராசாமி உயிரோடு இருக்கிறான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அவனுக்குக் காரியம் செய்தார்கள். தெரிந்துதான் வரிசையாக உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது, பாவம், தெரியாமல் நடந்துபோயிற்று என்று மூக்கைச் சிந்தினால் நம்ப வேண்டாம்.

நகரிக்குப் பக்கத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஒரு நெசவுக்கூடம் வைத்திருந்தது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் குழித்தறிகள், நடுவில் ஆள் நடக்க வழி. தறிகள் சர்க்கார் கொடுத்தவை. உட்கார்ந்து நெய்கிற உரிமை உறுப்பினருக்கு. உறுப்பினர் என்றால் ஆம்பிளை. பெண்கள் நூல் சுற்றலாம், அறுந்த இழையை முடியலாம், கஞ்சி காய்ச்சலாம், கூடத்தைப் பெருக்கலாம். தறிக்குழியில் காலை மட்டும் இறக்க முடியாது. ஆனால் உறுப்பினர் செத்துப்போனால் அவன் பெண்சாதி அந்த இடத்துக்கு வரலாம் என்று சங்கத்தின் சட்டத்தில் இருந்தது. எழுதினவர் எந்த நினைப்பில் எழுதினாரோ, யாரும் அதை அடிக்கவில்லை.

கூடத்தின் வாரம் திங்கட்கிழமை நூல் கொடுப்பதில் ஆரம்பிக்கும். செவ்வாய்க்கிழமை விடியும்போதே பாவு போடுவார்கள். பாவு என்பது துணியின் நீளவாட்டு இழை. அதைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கவைகளின்மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் நீவி முடிக்க வேண்டும். ஒருவர் இருவரால் ஆகிற வேலை இல்லை. தெருவே வந்து கை கொடுத்தால்தான் நடக்கும். அதனால் அந்தத் தெருவில் யாரும் யாரையும் முழுதாகப் பகைத்துக்கொண்டது கிடையாது. தெருவை எதிர்த்துப் பேசுகிறவன் மறு செவ்வாய் தன் பாவைத் தானே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். புதன், வியாழன், வெள்ளி நெசவு. சனிக்கிழமை துணியை அளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யார் நெசவில் ஓட்டை என்று கூடமே சிரிக்கும்.

வீராசாமியின் நெசவில் அப்படிச் சிரிக்க எதுவும் இருந்ததில்லை. குறுக்கிழையை நாடாவில், அந்த நூல் ஓட்டுகிற கட்டையில், வீசிவிட்டுப் பலகையால் எல்லோரும் ஓர் அடி அடித்தால், அவன் ஓர் அடி பலமாக அடித்து, பின்னாலேயே இன்னொன்று மெதுவாகத் தட்டுவான். தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல அந்த இரண்டாவது தட்டு. அந்தப் பகுதியில் அப்படி நெய்தவன் அவன் ஒருவன்தான். கண்ணை மூடிக்கொண்டு தெருவில் போகிறவனும், வீராசாமி தறியில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவான்.

கை நன்றாக இருந்த அளவுக்குப் புத்தி நன்றாக இல்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்த காலம். வீராசாமிக்குத் தறியைவிடக் கூட்டம் பிடித்துப் போயிற்று. திருத்தணியை மீட்டுக்கொண்டுதான் திரும்புவேன் என்று பெண்டாட்டி பொன்னியம்மாவிடம் சொல்லி, ஒரு கொடியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினான். போனவன் போனவன்தான். தறியில் பாதி நெய்த துணி அப்படியே நின்றது.

கொஞ்ச நாள் கழித்து, அவனுடைய பங்காளி கன்னையா, தன் பிள்ளைக்கு முடி இறக்கத் திருப்பதிக்குப் போய்விட்டு வந்து செய்தி சொன்னான். மலை அடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வீராசாமி இடுப்பில் ஈரத் துண்டோடு வாளி தூக்கிக்கொண்டு இருக்கிறானாம். எதிரே பூக்கட்டுகிற ஒருத்தியோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறானாம். "நம்ம திருத்தணி வீரன் திருப்பதியில ரசம் ஊத்திக்கினு கீறான்" என்று கன்னையா கூடத்தின் நடுவில் நின்று சொன்னான். பொன்னியம்மா அப்போது மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பார்த்த பிறகுதான் சிரித்தார்கள், அதில்தான் அவர்களுக்கு ருசி.

பொன்னியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் சாது இல்லை. வாய் நீளம், கோபம் மூக்கின்மேல். பிள்ளை இல்லை, பிறந்த வீட்டில் யாரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொடுத்தவள். மதியத்தில் ஆண்கள் சாப்பிடப் போகும்போது, யாரும் பார்க்காத சமயம் பார்த்துக் குழியில் காலை விட்டு மிதியை அழுத்திப் பார்த்திருக்கிறாள். புருஷன் ஓடிப்போனதில் அவளுக்கு அவமானம் இருந்தது, ஆத்திரம் இருந்தது. அதற்கெல்லாம் மேலே, அந்தத் தறி சும்மா கிடப்பதைப் பார்க்கப் பார்க்க ஆசை இருந்தது. நூல் சுற்றிக் கிடைப்பதில் ஒரு வேளைதான் சாப்பிட முடியும். தறியில் உட்கார்ந்தால் யாரிடமும் பல்லிளிக்காமல் பிழைக்கலாம்.

சும்மா கிடக்கிற தறியைத் திருப்பி எடுத்து வேறு சங்கத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சித்தூரிலிருந்து தாக்கீது வந்தது. சங்கத் தலைவர் திருவேங்கடம் பெரிய மூளைக்காரர், அதாவது தன் காரியத்தில். கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, பொன்னியம்மாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். "செத்திருந்தான்னா தேவல. பொண்டாட்டிக்கு மாத்திடலாம், தறி நம்மகிட்டயே நின்னுடும். ஓடிப்பூட்டவனுக்கு இன்னா பண்றது?"

மறுநாள் காலை பொன்னியம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர் ஆத்து வெள்ளத்துல பூட்டாரு" என்றாள்.

ஆற்றில் அப்போது கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. மழை பெய்து மாதக்கணக்காயிற்று. யாரும் ஆற்றைப் பற்றிக் கேட்கவில்லை. திருவேங்கடம் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மணியம்மா என்கிற பெரிய வாய்க்காரி முதல் ஒப்பாரியை எடுத்தாள்.

கன்னையாதான் முரண்டு பண்ணினான். அந்தத் தறியில் அவன் தன் மச்சான் ஒருத்தனை உட்கார வைக்கக் கணக்குப் போட்டிருந்தான். தறியே சித்தூருக்குப் போய்விட்டால் மச்சானுக்கும் இல்லை என்று திருவேங்கடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கன்னையா சரி என்றான், ஆனால் செத்தான் என்றால் சாவு மாதிரி இருக்க வேண்டும், ஒரு சடங்கும் விடக்கூடாது என்றான். தாலியில் கை வைக்கும்போது இவள் பின்வாங்கிவிடுவாள் என்று அவன் நினைத்தான். பொன்னியம்மாவை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை.

பிணம் இல்லாததால் வைக்கோலில் ஆள் கட்டினார்கள். வீராசாமியின் சட்டையையே மாட்டினார்கள். கூடத்துப் பெண்கள் கழிவு நூலைக் கொண்டுவந்து உருண்டையாகச் சுற்றித் தலை வைத்தார்கள். அதில் மீசை வைக்கலாமா வேண்டாமா என்று வேறு பேச்சு நடந்தது. பங்காளி என்ற முறையில் கன்னையாவே கொள்ளி வைத்தான். வீராசாமியின் தங்கை சந்திரம்மா, அண்ணன் உயிரோடு இருப்பதை மறந்துபோய் நிஜமாகவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் உமாபதியும் அதே கூடத்தில் தறி வைத்திருந்தவன். அழுதது போதும் என்று அவன் அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஆற்றங்கரையில் மணியம்மா பொன்னியம்மாவின் கையைக் கல்லின்மேல் வைத்து வளையலை உடைத்தாள். மெதுவாகத் தட்டினாலே உடைகிற கண்ணாடி வளையல். மணியம்மா ஓங்கி அடித்தாள். மணிக்கட்டில் சில்லு ஏறி ரத்தம் வந்தது. தாலியைக் கழற்றினார்கள், பொட்டை அழித்தார்கள். உயிரோடிருக்கிற புருஷனுக்காக ஒருத்தி இதையெல்லாம் வாங்கிக்கொள்கிறாளே என்று ஒருத்திக்காவது நெஞ்சு நடுங்கியிருக்க வேண்டும். அவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

தறி பொன்னியம்மாவுக்கு மாறியது. அத்தோடு விட்டார்களா? வெள்ளைப் புடவைக்காரி விடியற்காலை பாவுக்கு எதிரே வரக்கூடாது, எல்லோருக்கும் பின்னால், கடைசிக் கவையில்தான் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றாள். வருஷத்துக்கு ஒருமுறை நாராயணவனத்துப் பெருமாள் கல்யாணத்துக்கு இந்தக் கூடத்திலிருந்துதான் தாயாருக்குப் புடவை போகும். அது பக்கத்துத் தறியில் ஏறினபோது, இவள் பார்வை படக்கூடாது என்று நடுவில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். கணவன் உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுக்கும் தெரியும், பெருமாளுக்கும் தெரியும். இருந்தாலும் சாக்கைத் தொங்கவிட்டார்கள். பொன்னியம்மா சாக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து லுங்கி நெய்தாள். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. குழியில் கால் இருந்தது, கையில் நாடா இருந்தது, இரண்டு வேளையும் சோறு இருந்தது. இதற்காக இன்னும் நாலு வளையல் உடைக்கச் சொன்னாலும் உடைத்துக்கொண்டிருப்பாள்.

வருஷங்கள் போயின. எல்லை ஒருவழியாக முடிவானது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று, நகரியும் புத்தூரும் ஆந்திராவோடு நின்றன. எல்லை ஓரத்துச் சங்கங்களில் எந்த உறுப்பினர் இந்தப் பக்கம், எவன் அந்தப் பக்கம், எவன் பெயரில் எவன் நெய்கிறான் என்று சரிபார்க்கச் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வரத் தொடங்கினார். பெயர் நாகபூஷணம். தெலுங்கர். தமிழ் புரியும், நெசவு புரியாது. நேர்மையானவர் என்று பெயர். பொய் உறுப்பினர் ஒருவன் அகப்பட்டால்கூடச் சங்கத்தையே பூட்டி, தறிகளை வண்டியில் ஏற்றிவிடுவாராம். வேறு ஒரு சங்கத்தில் அப்படிச் செய்தும் இருந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய ஜீப் சத்தம் கேட்டால் கூடத்தில் வெற்றிலைப் பெட்டியெல்லாம் மூடிக்கொள்ளும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கன்னையாவுக்குப் பைத்தியம் பிடித்தது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு சனிக்கிழமை துணி பார்க்கும்போது பொன்னியம்மா அவன் நெய்த வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதில் ஏரியில் மீன் பிடிக்கலாம் என்றாள். கூடமே சிரித்தது. அவன் பெண்டாட்டியும் சிரித்தாள். வீட்டுக்குப் போயும் அவள் சிரித்ததாகப் பேச்சு. கன்னையா வேண்டுதல் இருக்கிறது என்று சொல்லித் திருப்பதிக்கு ரயில் ஏறினான்.

வீராசாமியை அவன் ஒரு சத்திரத்துப் படியில் கண்டுபிடித்தான். கொதிக்கிற ரசம் இடது கையில் கொட்டி, விரல்கள் பாதி மடங்கிப் போயிருந்தன. கடைக்காரன் வெளியே அனுப்பிவிட்டான். பூக்காரி சந்திரகிரிப் பக்கம் வேறு ஒருத்தனோடு போய்விட்டாள். யாத்திரைக்காரர்கள் மீதம் வைத்ததைத் தின்றுகொண்டு கிடந்தவனிடம் போய்க் கன்னையா உட்கார்ந்து, ஊரில் உன் தறி அப்படியே இருக்கிறது, உன் பெண்டாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள், வா என்றான். காரியம் செய்ததை மட்டும் சொல்லவில்லை. வீராசாமி கண்ணீர் விட்டான். அவள் என்மேல் கோபமாக இருப்பாளா என்று ரயிலில் திரும்பத் திரும்பக் கேட்டானாம். கன்னையா சொன்னானாம், "உன்னப் பாத்தா அவளுக்குப் பேச்சே வராது, வா."

சனிக்கிழமை. நாகபூஷணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அளந்த துணிகள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பொன்னியம்மா தறியில் நெய்துகொண்டிருந்தாள். கன்னையா வாசலில் வந்து நின்றான், பின்னாலேயே மொட்டைத் தலையோடு வீராசாமி.

வீராசாமி முதலில் தன் தறியைத்தான் பார்த்தான். அப்புறம் அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் வாடிப்போய், நிஜமான கவலையோடு கேட்டான்.

"ஏ பொன்னி, யாரு பூட்டாங்க?"

பொன்னியம்மாவின் கையில் நாடா நின்றது. கூடத்தில் எல்லாத் தறியும் நின்றது.

கன்னையா நேராக அதிகாரியின் முன்னால் போனான். செத்துப்போனதாகச் சொல்லித் தறியை மாற்றிக்கொண்டார்களே, அந்த வீராசாமி இவன்தான், உயிரோடு கொண்டுவந்திருக்கிறேன் என்றான். சொல்லிவிட்டுப் பொன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் திருப்பதிவரை போய்வந்திருந்தான்.

நாகபூஷணம் பதறவில்லை. பேனாவை மூடினார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மரி கொரிவி பெட்டிந்தி எவரு?" என்றார்.

அப்படியானால் கொள்ளி வைத்தவன் யார் என்று கேட்டார். கன்னையாவின் முகம் வெளிறிப்போயிற்று. கொள்ளி வைத்தவன் தான்தான் என்பது அந்த மடையனுக்கு அதுவரை ஞாபகமே இல்லை. திருவேங்கடம் எழுந்து கைகட்டி நின்றார். கொள்ளி வைத்தது இதே கன்னையாதான், சாவுக்குச் சாட்சி சொன்னது கூடத்தில் இருக்கிற எல்லோரும்தான் என்று நிதானமாகச் சொன்னார். இவன் வீராசாமி என்றால் கூடம் முழுக்கப் பொய்ச் சாட்சி, கூடத்துக்குப் பூட்டு, எல்லோருக்கும் கோர்ட்டு என்று அதிகாரி சொன்னார். இவன் வீராசாமி இல்லை என்றால் செத்தவன் பேரில் ஏமாற்ற வந்தவன், அதற்கும் சட்டம் இருக்கிறது என்றார். ஒவ்வொருவராக வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

திருவேங்கடம் முதலில் வந்தார். வீராசாமியின் முகத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், அவன் கல்யாணத்தில் பந்தலுக்குக் கால் நட்டவர். தெரியவில்லை என்றார். மணியம்மா வந்தாள், பார்த்ததே இல்லை என்றாள். ஒவ்வொருவராக வந்தார்கள். வீராசாமி ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டான். மாமா என்றான், சித்தப்பா என்றான், அத்தை என்றான். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார்கள், சிலர் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு இல்லை என்றார்கள். முதலில் அவன் இதைக் கேலி என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

தங்கை வந்தபோதுதான் அவனுக்குச் சிரிப்பு நின்றது. "சந்திரா" என்றான். சந்திரம்மா தன் புருஷன் தறியைப் பார்த்தாள், பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் இன்னும் ஒசரம் சார்" என்றாள்.

கடைசியில் கன்னையா. இவனை நீதானே கூட்டிவந்தாய் என்று நாகபூஷணம் கேட்டார். கன்னையா தலையைச் சொறிந்தான். முகஜாடை ஒரே மாதிரி இருந்தது, ஏமாந்துவிட்டேன் சார் என்றான். வீராசாமி அவன் தோளைப் பிடித்தான். கன்னையா அந்தக் கையைத் தட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

பொன்னியம்மாவை இன்னும் யாரும் கேட்கவில்லை. அதற்குள் வீராசாமி அதிகாரியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "என்னத் தறியில உக்காத்தி வைங்க சார். என் அடி சத்தம் இவுங்களுக்குத் தெரியும். காதால கேட்டுச் சொல்லட்டும்" என்றான். நாகபூஷணத்துக்கு அது நியாயமாகப் பட்டது. பொன்னியம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். அவள் குழியிலிருந்து காலை எடுக்கச் சற்று நேரமாயிற்று. எடுத்த காலைத் திரும்ப இறக்க விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வீராசாமி இறங்கினான். மடங்கின விரல்களால் பலகையைப் பிடித்தான், வலது கையால் நாடாவை ஓட்டினான். முதலில் தடுமாறியது. இரண்டு மூன்று இழை கோணலாகப் போயிற்று. பிறகு காலும் கையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஓர் அடி பலமாக. பின்னாலேயே மெதுவாக ஒரு தட்டு. மறுபடி ஓர் அடி. மறுபடி அந்தத் தட்டு.

கூடத்தில் ஒரு சந்தேகமும் யாருக்கும் இல்லை. உமாபதி கண்ணை மூடிக்கொண்டான். சந்திரம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. நெசவு தெரியாத ஒரே மனிதர் நாகபூஷணம்தான். அவருக்கு அது மரம் அடிக்கிற சத்தம்.

இது உன் புருஷன் நெசவா என்று பொன்னியம்மாவைக் கேட்டார்.

வீராசாமி அடிப்பதை நிறுத்திவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. ஊரெல்லாம் பொய் சொல்லலாம், இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் நூல் சுற்றினவள் எப்படிச் சொல்வாள் என்று அவன் நம்பினான். நான் அங்கே இருந்திருந்தால் அவன் கண்ணைப் பொத்தியிருப்பேன்.

"இல்ல சார்" என்றாள் பொன்னியம்மா. "எங்க ஊட்டுக்காரர் நெசவு இப்பிடி இருக்காது. இது பிசிறு. இத்தோட துணி போனா சங்கத்துக்குக் கெட்ட பேரு. பிரிச்சிடறேன்."

தறியின் இந்தப் பக்கம் குனிந்து நின்று, அவன் குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போதே, அவன் நெய்த குறுக்கிழைகளை ஒவ்வொன்றாக இழுத்து உருவத் தொடங்கினாள். அவள் தலை அவன் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வேகமாக உருவினாள். சீக்கிரம் முடிந்துவிட வேண்டும், அவன் கை பட்ட இழை ஒன்றுகூடத் தறியில் நிற்கக்கூடாது என்கிற வேகம். வீராசாமி சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். யார் செத்தது என்று தான் கேட்டதற்குப் பதில் அப்போதுதான் அவனுக்குக் கிடைத்தது.

"மெதுவா பிரி, பொன்னி" என்றான். கோபமில்லாமல் சொன்னான். "பாவு அறுந்துடும்."

அவள் கை மெதுவாயிற்று. அவன் சொல்லி அவள் கேட்ட பழக்கம் கைக்கு இன்னும் போகவில்லை. ஒவ்வொரு இழையாக, அவன் சொன்ன மாதிரியே, பாவு நோகாமல் உருவினாள். விரல்கள் நடுங்கின. திருவேங்கடம் நகர்ந்து வந்து மறைத்து நிற்பதற்குள் அதிகாரி பார்த்துவிட்டார்.

"ஆமெ சேதுலு எந்துகு வணுகுதுன்னாயி?" என்றார். இவள் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டார்.

சனிக்கிழமை விரதம் சார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்றார் திருவேங்கடம். நாகபூஷணம் தலையாட்டினார். அவர் வீட்டிலும் சனிக்கிழமை விரதம் உண்டு.

வீராசாமி தானாகவே குழியிலிருந்து ஏறினான். நாக்கு வறண்டு உதட்டை நக்கினான். சந்திரம்மா பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். "யாருக்கு?" என்று மணியம்மா கேட்டாள். சந்திரம்மா அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள்.

அதிகாரிக்கு மனது இளகியிருக்க வேண்டும். பிச்சைக்காரன், கை வேறு ஊனம், இவனைப் பிடித்துக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். பொன்னியம்மா பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார். செத்த உன் புருஷன் பேரை இவன் கெடுக்கப் பார்த்தான், நீ மன்னித்தால் விட்டுவிடுகிறேன் என்றார். "கேசு பெட்டமண்டாவா அம்மா?" கேசு போடச் சொல்கிறாயா என்று கேட்டார்.

விட்டுவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். கூடமே அவள் வாயைப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவன் புருஷன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து தறியில் உட்கார்ந்தால், எந்தப் பெண்ணாவது விட்டுவிடு என்பாளா? அதிகாரியின் கண் அவள் மேலேயே இருந்தது. விட்டால் இவன் எங்கே போவான்? அடுத்த சனிக்கிழமையும் இதே வாசலில் வந்து நிற்பான். அவள் தன் தறியைப் பார்த்தாள்.

"பெட்டண்டி" என்றாள்.

ஜீப் டிரைவர் வந்து வீராசாமியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவன் தானே நடந்து போய் ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். போலீஸ் ஸ்டேஷனில் பேர் கேட்டபோது, எனக்குப் பேர் இல்லை என்று சொன்னானாம். அங்கிருந்து எங்கே போனான், என்ன ஆனான் என்று தெருவில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்தவன் என்று ஆகிவிடுமே.

ஜீப் மேட்டைத் தாண்டும்வரை கூடத்தில் யாரும் அசையவில்லை. தாண்டினதும் திருவேங்கடம் பெருமூச்சு விட்டு, மூடிவைத்திருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். கன்னையா எல்லோருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். வாங்கியும் வந்தான். பொன்னியம்மாவுக்கும் ஒரு டம்ளர் வைத்தான். விரதம் என்று யாரோ ஞாபகப்படுத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னியம்மா குழியில் காலை இறக்கினாள். உட்காருகிற பலகை இன்னும் அவன் சூட்டோடு இருந்தது. நாடாவை எடுத்து இரண்டு இழை ஓட்டினாள். மூன்றாவது இழையில் அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள். அவளுக்கு அவன் வேண்டும்போல இருந்தது, தறியும் வேண்டும்போல இருந்தது. இரண்டில் ஒன்றைத் தான்தான் ஜீப்பில் ஏற்றி அனுப்பினாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மணியம்மா டீ டம்ளரோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன் என்று பிற்பாடு உமாபதி சொன்னான்.

"துணிமேல அழுவாத. கறை புடிச்சிக்கும், அளக்கறப்ப எடுக்க மாட்டாங்க" என்றாள் மணியம்மா.

பொன்னியம்மா அழுகையை நிறுத்தவில்லை. தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டு, கண்ணீர் துணியில் படாமல் நெய்தாள்.